பேப்பர் கேட்காத கதவுகள்

2015 ஒக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில், எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் உணவுக்கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போயிருந்தேன். சமையலறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே ஓர் அரிசி மூட்டைமேல் எட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து, சூப்பர் மார்க்கெட் மலிவு விலைத் தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். கோழிக்கால் எவ்வளவு, தோடம்பழம் எவ்வளவு என்று ஒரு வரி விடாமல்.

“பள்ளிக்கூடம் இல்லையோ தம்பி?” என்று கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த தாயைத்தான் பார்த்தான். அவள் கத்தியை வைத்துவிட்டு, “காய்ச்சல் அக்கா, அதுதான்” என்றாள். பையனுக்குக் காய்ச்சல் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்பது நாள் கழித்து, இரவு பத்தரைக்கு அழைத்தாள்.

அந்த நாட்களில் நான், புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற ஒரு சமூக அமைப்பில் வேலை செய்தேன். படிவம் நிரப்புவது, மொழிபெயர்ப்பது, கூடப் போவது. இந்தக் கூடப் போவதுதான் வேலையின் பெரும்பகுதி. அவளை இங்கே தங்கச்சி என்றே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று சொன்னாள்.

2012 தொடக்கத்தில் பிள்ளையோடு வந்து அகதிக் கோரிக்கை வைத்தவள். 2014இல் கேஸ் மறுக்கப்பட்டது. மத்திய நீதிமன்றமும் கைவிட்டது. திருப்பி அனுப்புவது பற்றிப் பேச வரச்சொல்லி எல்லைச் சேவைகள் முகவரகத்திலிருந்து கடிதம் வந்தபோது அவள் போகவில்லை. இருந்த வீட்டை விட்டு இன்னொரு பேஸ்மென்டுக்கு மாறினாள். புது இடத்தில் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், அலுவலகத்தில் இருந்த பெண் குடிவரவுப் பத்திரம் கேட்டிருக்கிறார். “நாளைக்குக் கொண்டாறன்” என்று சொல்லிவிட்டு வந்தவள் ஆறு கிழமையாக அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

“அக்கா, பேரைக் குடுத்தா வீட்டுக்கு வந்து ஏத்திக்கொண்டு போயிடுவினமாம்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்லுகினம்.”

இந்த ‘எல்லாரும்’தான் பேப்பர், அதாவது குடிவரவு ஆவணம், இல்லாத ஒருவருக்குக் கிடைக்கும் சட்ட ஆலோசகர். கடைக்காரர், வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: எங்கும் பெயர் கொடுக்காதே. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை ஒரு பிள்ளையை ஆறு கிழமை அரிசி மூட்டையில் உட்கார வைத்துவிட்டது.

உண்மை நிலை இது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் கல்விச் சட்டத்தில் 49.1 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அந்தப் பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படி கனடாவில் இல்லை என்ற காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது. அதுக்கு மேலே, ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபை 2007இல் தனியாக ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடம் குடிவரவு அதிகாரிகள் இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், பெற்றோரைப் பிடிப்பதற்காகப் பிள்ளைகளைப் பிடித்துவைத்தார்கள். நகரமே கொதித்தது. தாய்மாரும் ஆசிரியர்களும் கேட்டு வாங்கிய கொள்கை அது: பிள்ளையின் குடிவரவு நிலையைக் கேட்காதே, தெரிந்தாலும் வெளியே சொல்லாதே.

நான் அந்த இரண்டையும் அச்செடுத்து, உரிய வரிகளுக்கு மஞ்சள் மை பூசி, தங்கச்சியையும் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்துப் பெண் இரண்டு தாளையும் நிதானமாக வாசித்தார். “இப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை” என்றார். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. உள்ளே போய் அதிபரைக் கூட்டிவந்தார். அதிபர் பையனுக்குக் கை கொடுத்து, “நீ எந்த வகுப்பு?” என்று அவனிடமே கேட்டார். “நாலு” என்றான். நான் அன்றுதான் அவன் குரலை இரண்டாவது தடவை கேட்டேன்.

அன்று என் மனதில் பதிந்ததை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். கவுண்டரில் இருப்பவர் எதிரி இல்லை. மேலே எடுத்த முடிவு அவருடைய மேசைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எட்டு வருடம் வந்து சேரவில்லை! ஆகவே தாளைக் கையில் கொண்டு போங்கள். குரலை உயர்த்தாமல், “இதை ஒருக்கால் பார்க்கிறீர்களா?” என்று கேளுங்கள். சரிவராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரைக் கேளுங்கள். பிறந்த திகதிக்கு ஆதாரம், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி விவரம், இவைதான் பள்ளிக்கூடத்துக்கு உண்மையில் வேண்டியவை.

எங்களுக்கு முகவரியில்தான் சிக்கியது. வீட்டுக்கார அண்ணை கடிதம் தரமாட்டேன் என்றார். பேஸ்மென்டுக்கு அனுமதி எடுத்திருக்கவில்லை, அதுதான் அவருடைய பயம். அவரோடு சண்டை பிடித்தால் இருக்கிற இடமும் போய்விடும். கடைசியில் எங்கள் அமைப்பின் கடிதத்தாளில் நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதமும் தொலைபேசி பில்லும் போதுமாக இருந்தன. தடுப்பூசியை ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறையின் கிளினிக்கில் போட்டார்கள். மாகாணத்தின் வைத்தியக் காப்புறுதி அட்டையான ஹெல்த் காட் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றோம், ஊசியைப் போட்டுவிட்டு அட்டையில் எழுதித் தந்தார்கள்.

பேஸ்மென்டுக்குத் திரும்பி வந்த பிறகு தங்கச்சி கேட்டாள்: “அப்ப அக்கா, எங்கை போகலாம், எங்கை போகக் கூடாது?” எவ்வளவு சரியான கேள்வி! அதற்குப் பதில் சொல்லவே நான் திரும்பப் படிக்க வேண்டி இருந்தது.

ஊரில், இலங்கையில், எங்களுக்கு அரசாங்கம் என்றால் ஒன்றுதான். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம், பொலிஸ், ஆமி எல்லாம் ஒரே கையின் விரல்கள். ஒரு இடத்தில் பெயர் கொடுத்தால் எல்லா இடத்துக்கும் போகும் என்ற பயத்தை அங்கிருந்துதான் கொண்டுவந்தோம். அங்கே அது நியாயமான பயம். இங்கே அரசாங்கம் மூன்று வீடு. மத்திய அரசு குடிவரவையும் எல்லையையும் பார்க்கிறது. மாகாணம் பள்ளிக்கூடம், வைத்தியம், வேலைச் சட்டம், நலன்புரி உதவி ஆகியவற்றைப் பார்க்கிறது. மாநகர சபை நூலகம், நீச்சல் குளம், பூங்கா, பொதுச் சுகாதாரம், தங்குமிடம் போன்றவற்றை நடத்துகிறது. ஒரு வீட்டின் விதி மற்ற வீட்டில் செல்லாது. எந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்னும் அது எந்த வீட்டின் கதவு என்று கேளுங்கள்.

மாநகர சபையின் கதவுகளுக்கு ஒரு வாக்குறுதி இருக்கிறது. 2013 பெப்ரவரியில் ரொறன்ரோ மாநகர சபை 37க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் எடுத்தது. குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும், ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நகரத்தில் வாழ்கிற எவரும் பயமில்லாமல் நகரத்தின் சேவைகளைப் பெறலாம் என்பதுதான் அது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், முறைப்பாடு செய்ய வழி வைக்கவும், மக்களுக்கு அறிவிக்கவும் அதிலேயே சொல்லப்பட்டது. கனடாவில் இப்படிச் செய்த முதல் நகரம் ரொறன்ரோதான். அடுத்த வருடம் ஹமில்டன் வந்தது, பிறகு வன்கூவர், மொன்றியல். இது மேலே இருந்து இரங்கிக் கொடுத்தது இல்லை. 2004இலிருந்து ‘கேட்காதே, சொல்லாதே’ என்று தெருவில் நின்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். பேப்பர் இல்லாத ஒருவர் அந்த ஊர்வலத்தில் நிற்பது எவ்வளவு துணிவு என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் நூலகத்துக்குப் போனோம். நூலக அட்டைக்குப் பெயருக்கும் முகவரிக்கும் ஆதாரம் காட்டினால் போதும். பையனுக்கு அட்டை கிடைத்ததும் தமிழ்ப் புத்தகத் தட்டைத் தேடிப் போனது அவன் இல்லை, தாய். வன்னியை விட்டு வெளிக்கிட்ட பிறகு தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்ததே அன்றுதான் என்றாள். மூன்று எடுத்தாள். நான்கு கிழமை கழித்துத் திரும்பக் கொடுக்க வந்தபோது, அவளே தனியாக வந்து, கவுண்டரில் தானே கொடுத்தாள். அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நீச்சல் வகுப்பில்தான் பிரச்சினை வந்தது. ஒரு பொழுதுபோக்கு நிலையத்தில் பதிவு செய்யும் இளைஞர் அடையாளத்துக்கு ஹெல்த் காட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தங்கச்சியின் கை நடுங்கத் தொடங்கியது. வெளியே கூட்டிவந்து, அங்கேயே நின்று 311ஐ அழைத்தேன். அது மாநகர சபையின் பொது எண். நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். என்ன நடந்தது, எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லி, முறைப்பாட்டு எண் ஒன்றை வாங்கினேன். முறைப்பாட்டில் தங்கச்சியின் பெயர் இல்லை, என் பெயர்தான். மூன்று கிழமை கழித்து அந்த நிலையத்தின் மேலாளர் என்னை அழைத்து மன்னிப்புக் கேட்டார். பையன் அந்தக் குளிர்காலம் முழுக்க நீந்தினான். முறைப்பாட்டு எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். அந்த எண்ணோடு மறுபடி அழைத்தால்தான் விஷயம் நகர்கிறது. அப்படியும் நகராவிட்டால் மாநகர சபைக்கென்று, முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் போகலாம்.

இனி, கவனமாக இருக்க வேண்டிய கதவுகள்.

நலன்புரி உதவி கொடுக்கும் வெல்ஃபேர் அலுவலகத்தில் மாநகர சபையின் சின்னம் மாட்டியிருக்கும். உள்ளே வேலை செய்கிறவர்களும் நகர ஊழியர்களே. ஆனால் ‘ஒன்ராறியோ வேர்க்ஸ்’ மாகாணத்தின் திட்டம், மாகாண விதிதான் அங்கே ஓடும், குடிவரவு நிலையைக் கேட்பார்கள். சின்னத்தைப் பார்த்து நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் சமூகச் சட்டக் கிளினிக் ஒன்றில் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தக் கிளினிக்குகள் இலவசம். தெற்காசியர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, ஸ்காபரோவுக்கென்றும் ஒன்று இருக்கிறது.

அடுத்தது பொலிஸ். இதை நான் தயங்காமல் சொல்கிறேன்: மாநகர சபையின் வாக்குறுதியைப் பொலிஸாரிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்குத் தனிச் சபை, தனி விதி. பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் தக்க காரணமில்லாமல் குடிவரவு நிலையைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்கும் ஒரு கொள்கை உண்டுதான். ஆனால் பெயரைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போது குடிவரவுப் பிடியாணை தெரிந்தால் கதை வேறு. சந்திப்புக்குப் போகாமல் விட்ட தங்கச்சி போன்றவர்களுக்கு அப்படி ஒரு பிடியாணை இருக்கக்கூடும். அதற்காக உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 911ஐ அழைக்காமல் இருக்கவே கூடாது. உயிர்தான் முதல். ஆனால் நாளைக்குப் பேசலாம் என்ற அளவில் உள்ள பிரச்சினை என்றால், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் ‘அசோல்டட் விமன்ஸ் ஹெல்ப்லைன்’ என்ற தொலைபேசி உதவியை அழைக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை, தமிழிலும் பேச ஒழுங்கு செய்வார்கள்.

வைத்தியத்துக்கு: சமூக சுகாதார நிலையங்கள் காட் இல்லாதவர்களையும் பார்க்கின்றன. ஸ்காபரோவில், காப்புறுதி இல்லாத அகதிகளுக்காகவும் குடிவரவாளர்களுக்காகவும் தன்னார்வ வைத்தியர்கள் நடத்தும் ஒரு கிளினிக்கே இருக்கிறது. கர்ப்பிணி என்றால் மருத்துவிச்சியிடம் போங்கள். ஒன்ராறியோவில் வாழ்கிற பெண்ணுக்கு ஹெல்த் காட் இல்லாவிட்டாலும் மருத்துவிச்சியின் பராமரிப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஏழாம் மாதம் வரை ஒரு தடவைகூட யாரிடமும் காட்டாமல் இருந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கோவிட் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவையும் மாகாணம் ஏற்றது. 2023 மார்ச் 31ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். நல்லபடி நடந்துகொண்டிருந்த ஒன்றை ஏன் நிறுத்தினார்கள் என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

2016 வசந்தத்தில் அந்த உணவுக்கடை முதலாளி தங்கச்சிக்கு ஆறு கிழமைச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார். கேட்டதற்கு, “கூடக் கதைச்சா இமிகிரேசனுக்கு அடிச்சுச் சொல்லுவன்” என்றாராம். எங்கள் ஆள், எங்கள் மொழி. அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் கடைக்குப் போய்ச் சத்தம் போடவில்லை. சட்டக் கிளினிக்குக்குப் போனோம். செய்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் குடிவரவு நிலையைப் பார்ப்பதில்லை. முறைப்பாடு செய்ய இரண்டு வருட அவகாசமும் உண்டு. தங்கச்சி ஒரு கலண்டரில் தான் வேலை செய்த நாளையும் மணியையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது. கிளினிக்கிலிருந்து ஒரே ஒரு கடிதம் போனது, பத்து நாளில் பணம் வந்தது. கைக்காசுக்கு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படி ஒரு கலண்டர் வைத்திருங்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

மாநகர சபை யாருக்கும் பேப்பர் கொடுக்க முடியாது. அது ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், கையில். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவருக்கு இருக்கும் கடைசி வழிகளில் ஒன்று மனிதாபிமான, கருணை அடிப்படையிலான விண்ணப்பம். எங்கள் ஆட்கள் ‘ஹியூமனிற்றேரியன் கேஸ்’ என்பார்கள். அதில் பார்ப்பது, இந்த மண்ணில் எவ்வளவு வேரூன்றி இருக்கிறீர்கள், பிள்ளையின் நலன் என்ன, திருப்பி அனுப்பினால் என்ன கஷ்டம் என்பதை. அப்போதுதான் கேட்பார்கள்: ஆதாரம் எங்கே? பயந்து பயந்து எங்கும் பெயர் கொடுக்காமல் ஐந்து வருடம் ஒளிந்திருந்தவரிடம் காட்ட என்ன இருக்கும்? ‘எல்லாரும்’ சொன்ன அறிவுரையைக் கேட்டு நடந்தவர் கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறார். இந்தக் கொடுமையை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

தங்கச்சியிடம் ஒரு நீலக் கோப்பு இருந்தது. பையனின் பள்ளி அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, நீச்சல் சான்றிதழ், நூலகத்தில் சனிக்கிழமைகளில் புத்தகம் அடுக்க உதவியதற்கு அங்கே தந்த கடிதம், கோயில் மடைப்பள்ளியில் சேவை செய்ததற்கு ஒரு கடிதம், வகுப்பாசிரியர் கையால் எழுதிய ஒன்றரைப் பக்கம். பேப்பர் கேட்காத கதவுகள் ஒவ்வொன்றும் போகிற போக்கில் அவளுக்கு ஒவ்வொரு பேப்பர் தந்திருந்தன. சட்டத்தரணி கோப்பைப் புரட்டிவிட்டு, “இதை வைத்துத்தான் கேஸை எழுதப் போகிறேன்” என்றார்.

காலமும் துணை செய்தது. 1999இலேயே, ஜமேக்காவிலிருந்து வந்து வீட்டுவேலை செய்த மேவிஸ் பேக்கர் என்ற தாயின் வழக்கில், பிள்ளையின் நலனைக் கவனமாக எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2015 டிசம்பரில் காந்தசாமி வழக்கின் தீர்ப்பு வந்தது. பதினாறு வயதில் வடக்கிலிருந்து தனியாக வந்த ஒரு தமிழ்ப் பையனின் வழக்கு அது. கஷ்டங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்காமல், முழு மனிதனாகப் பார் என்று நீதிபதிகள் அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். எங்கள் பெயர் ஒன்று கனடாச் சட்டப் புத்தகத்தில் இப்படி ஏறியது. இன்று வேறு நாட்டுக்காரர்களின் சட்டத்தரணிகளும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள்.

மூன்று எச்சரிக்கை. கோரிக்கை மறுக்கப்பட்ட பிறகு பொதுவாக 12 மாதம் காத்திருந்துதான் இந்த விண்ணப்பத்தைப் போடலாம். பிள்ளையின் நலன் பாதிக்கப்படும் என்றாலோ, உயிராபத்தான நோய் என்றாலோ விலக்கு உண்டு. விண்ணப்பம் போட்டுவிட்டால் நாடுகடத்தல் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தானாக நிற்காது. அப்புறம், எந்தக் கவுண்டரிலும் பொய்ப் பெயரோ போலி ஆவணமோ கொடுக்காதீர்கள். சொல்ல விரும்பாததைச் “சொல்ல விரும்பவில்லை” என்று சொல்லுங்கள், அதில் தவறில்லை. பொய் ஒன்று கோப்பில் ஏறிவிட்டால் அது கடைசிவரை கூடவே வரும். உரிமம் இல்லாமல் ‘கேஸ் செய்து தாறன்’ என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் முதலில் சொல்லித்தருவதே பொய்தான். பணம் கொடுப்பதற்கு முன், அவர் சட்டத்தரணியா, உரிமம் பெற்ற ஆலோசகரா என்று அந்தந்தத் தொழில் அமைப்பின் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன.

ஒரு முறை மாநகர சபையின் குழுக் கூட்டம் ஒன்றில் இந்தக் கொள்கை பற்றிப் பேச இடம் கிடைத்தது. குழுக் கூட்டத்தில் யாரும் பெயர் பதிந்து ஐந்து நிமிடம் பேசலாம். தங்கச்சி தானே பேச வேண்டும் என்று நின்றாள். நான் சம்மதிக்கவில்லை. பேசுகிறவர் பெயர் பொதுப் பதிவில் ஏறும், கூட்டம் இணையத்தில் நேரடியாகப் போகும். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதி, பெயர் இல்லாமல் நானே வாசித்தேன். போரைப் பற்றி எழுத வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். “அதை அவையாலை ஒண்டும் செய்ய ஏலாது அக்கா. கவுண்டரிலை நடந்ததைச் சொல்லுங்கோ.” என்ன தெளிவு! பொழுதுபோக்கு நிலையத்தில் நடந்ததை நாள், நேரத்தோடு வாசித்தேன். உறுப்பினர் ஒருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அதன் பிறகு யாராவது பேசப் போனால் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்: ஒரு கவுண்டர், ஒரு நாள், ஒரு சம்பவம், செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று.

நகரத்தால் இன்னொன்றும் முடியும். மேலே உள்ளவர்களை நெருக்கலாம். 2013 தீர்மானத்திலேயே, ஆவணமில்லாதவர்களுக்கு நிலை வழங்க ஒரு திட்டம் வேண்டும் என்று மத்திய அரசிடம் சபை கேட்டிருந்தது. நடக்காத காரியம் ஒன்றுமில்லை. 1973இல் கனடா அப்படிக் கதவைத் திறந்து சுமார் 39,000 பேருக்கு வழிவிட்டிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, கியூபெக் நகரப் பள்ளிவாசல் கொலைகள் நடந்து இரண்டாம் நாள், அந்த வாக்குறுதியை, ‘அடைக்கல நகரம்’ என்ற பெயரில், ரொறன்ரோ மீண்டும் உறுதி செய்தது. 2019இல் ரொறன்ரோ வட்டாரக் கட்டுமானத் தொழிலாளர் 500 பேருக்கு ஒரு முன்னோடித் திட்டம் வந்தது, பிறகு 1,000 ஆக்கினார்கள். 2021 டிசம்பரில் பெரிய திட்டம் ஒன்றை ஆராயும்படி பிரதமர் குடிவரவு அமைச்சருக்கு எழுத்தில் பணித்தார். எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்களில் தொலைபேசி ஓயவில்லை. 2024இல் அதைக் கைவிட்டார்கள். ஆவணமில்லாதவர்கள் 20,000இலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்று அரசாங்கமே சொல்கிறது. எத்தனை பேர் என்று எண்ணக்கூட முடியாதபடி மனிதர்களை ஒளிந்து வாழ வைத்திருக்கும் சட்டத்தைத் திருத்தாமல் விடுவது நியாயம் என்று என்னால் ஏற்க முடியாது.

தங்கச்சிக்கு 2018இல் கொள்கையளவில் ஒப்புதல் வந்தது, 2019இல் நிரந்தர வதிவிடம். நகரத் தேர்தலில் நிரந்தர வதிவிடக்காரருக்கும் வாக்கு வேண்டும் என்று 2013இல் சபை மாகாணத்திடம் கேட்டது, இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அழைக்க வாக்குரிமை தேவையில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். அழையுங்கள்.

2023 கோடையில் பீட்டர் வீதியில், தங்குமிடப் பதிவு நிலையத்துக்கு வெளியே, நடைபாதையில் அகதிக் கோரிக்கையாளர்கள் படுத்திருந்தார்கள். பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். பணம் இல்லை, மத்திய அரசிடம் போங்கள் என்று நகரம் சொன்னது. அதே நகரம்! 2013இல் அந்த வாக்குறுதியைத் தந்த அதே சபை. கறுப்பினத் தேவாலயங்கள்தான் முதலில் கதவைத் திறந்தன. ஜூலையில் ஒட்டாவா ரொறன்ரோவுக்கு 97 மில்லியன் டொலர் அறிவித்த பிறகுதான் கொஞ்சம் அசைந்தது.

அந்த நடைபாதைப் படங்களைச் செய்தியில் பார்த்த அன்றிரவு தங்கச்சி என்னை அழைத்தாள். இப்போது அவளுக்குச் சொந்தமாகச் சின்னக் கேட்டரிங் இருக்கிறது. மறுநாள் மத்தியானம் நாற்பது அலுமினியப் பெட்டியில் மரக்கறிச் சோறு கட்டி வைத்திருந்தாள். காரில் ஏற்றப் போனால், “பொறுங்கோ அக்கா” என்று என்னை நிறுத்தினாள். பதினேழு வயது மகன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு மூடியிலும் எழுதிக்கொண்டிருந்தான்: 211. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்கிற இலவச எண். அதற்குக் கீழே சின்னதாக, கிட்ட இருக்கிற நூலகத்தின் முகவரியும், அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதும்.